எந்தக் கல்லாறு?

கல்லாறு என்ற பெயரை வரைபடத்தில் தேடுபவருக்கு ஓர் ஊர் மட்டும் கிடைப்பதில்லை. நீலகிரி மலை இரயில் பல்சக்கரப் பாதையில் ஏறத் தொடங்கும் இடத்தில், மேட்டுப்பாளையத்தை அடுத்து, ஒரு கல்லாறு இருக்கிறது. இடுக்கி மாவட்டத்தில் வேறொன்று. மட்டக்களப்புக்குத் தெற்கே கடலோரத்தில் பெரியகல்லாறும் கோட்டைக்கல்லாறும் உள்ளன. திருவனந்தபுரத்திலிருந்து பொன்முடிக்கு ஏறும் சாலையில், விதுராவைக் கடந்து, மலை வளைவுகளுக்கு முன்னால் வருவது இன்னொரு கல்லாறு. வாமனபுரம் ஆற்றுக்கு நீர் சேர்க்கும் ஓடையின் பெயரே அங்கு ஊருக்கும் ஆயிற்று. உருண்ட கற்கள் நிறைந்த ஆறு எங்கெல்லாம் ஓடுகிறதோ அங்கெல்லாம் இந்தப் பெயர் தோன்றத்தான் செய்யும். ஆகவே கல்லாறு என்று மட்டும் சொன்னால் போதாது. மாவட்டம், வட்டம், பக்கத்து ஊர் என்று மேலிருந்து கீழாக ஒரு வரிசையையும் சேர்த்துச் சொல்ல வேண்டியிருக்கிறது.

கணினியில் கோப்புகளுக்கும் இதே நிலைமைதான். ஒரு மென்பொருள் திட்டத்தில் ஒரே பெயர் கொண்ட கோப்புகள் இருபது கோப்புறைகளில் இருபது இருக்கும். அவற்றில் நான்கைத் திறந்து வைத்தால் எடிட்டரின் மேல்விளிம்பில் ஒரே பெயர் நான்கு முறை நிற்கும். ஈமாக்ஸ் எடிட்டரில் இதற்கென்றே ஒரு சிறு நிரல் உண்டு. ஒரே பெயரில் இரண்டு கோப்புகள் திறந்ததும் அது அவற்றின் கோப்புறைப் பெயரையும் சேர்த்துக் காட்டும். விதுராக் கல்லாறு, மேட்டுப்பாளையம் கல்லாறு என்று பேருந்து நடத்துநர் பிரித்துச் சொல்வதைப் போன்றது அது.

நிரலாளர்களிடையே, எடிட்டருக்குள் கோப்புகளைத் தேடிச் செல்ல எந்தக் கருவி நல்லது என்ற விவாதம் பல ஆண்டுகளாக ஓய்ந்தபாடில்லை. வெளியிலிருந்து பார்ப்பவருக்கு அது வேலையற்றோர் சண்டையாகத் தோன்றும். ஒரு பகுதி அப்படித்தான்: ஆய்வேட்டின் மூன்றாம் இயல் எழுதப்படாமல் கிடக்க, எடிட்டரின் அமைப்புக் கோப்பு மட்டும் நாள்தோறும் வளர்வதை எந்த ஆய்வு விடுதியிலும் காணலாம். ஆனால் மறுபகுதி மொழியியல் மாணவரைப் போன்றோருக்கு, நிரலாளருக்கு இருப்பதைவிடக் கூர்மையான சிக்கல்.

பொன்முடி அடிவாரத்துக் காணிக்காரர் குடியிருப்புகளில் களப்பணி செய்யும் மொழியியல் ஆய்வாளர் ஒருவரை எண்ணிப்பார்க்கலாம். ஒரு மாலையில் பதிவு செய்த ஒரு கதை, பல்கலைக்கழக அறைக்குத் திரும்பியதும் ஆறேழு கோப்புகளாகப் பெருகிவிடுகிறது: ஒலிப்பதிவு, ஈலான் மென்பொருளில் செய்த எழுத்துப்பெயர்ப்பு, பிராட்டில் செய்த ஒலியளவுக் குறிப்பு, டூல்பாக்ஸ் சொற்பட்டியலில் சேர்ந்த புதுச்சொற்கள், களக்குறிப்பு, ஒப்புதல் படிவத்தின் நகல், இவற்றையெல்லாம் ஒன்றோடொன்று ஒப்பிட அவரே எழுதிய ஒரு பைத்தான் நிரல். ஒலியையும் படத்தையும் விட்டால் மற்றவை பெரும்பாலும் வெறும் எழுத்துக் கோப்புகள். ஈலான் கோப்பு உள்ளே எக்ஸ்எம்எல். பிராட்டின் டெக்ஸ்ட்கிரிட் எந்த எடிட்டரிலும் வாசிக்கத்தக்கது. டூல்பாக்ஸில் ஒவ்வொரு புலமும் பின்சாய்கோடு இட்ட ஒரு குறியுடன் தொடங்கும் வரி. எனவே நிரலாளரின் எடிட்டர் இங்கே மொழியியலாளரின் மேசையாகிவிடுகிறது. ஐந்தாண்டுகளில் அந்த மேசையில் சேர்வது சில ஆயிரம் கோப்புகள்.

அவற்றில் ஒன்று கிடைக்காமற்போனால் என்ன ஆகும் என்பதற்குக் கல்லாற்றிலேயே விடை இருக்கிறது. கல்லாற்றுக் காட்டுப்பகுதியில் வாழும் காணி வைத்தியர் லட்சுமிக்குட்டி அம்மாளுக்கு 2018-இல் பத்மஸ்ரீ விருது அறிவிக்கப்பட்டது. ஏறத்தாழ 500 மூலிகை மருந்துகளை அவர் நினைவிலிருந்தே செய்வார் என்பது அப்போது செய்திகளில் திரும்பத் திரும்ப வந்த விவரம். எழுதி வைக்கப்படாத அறிவு எழுத்துக்கு வரும்போது அது போய்ச் சேரும் இடம் யாரோ ஒருவருடைய மடிக்கணினியின் கோப்புறை. சொன்னவர் எண்பதைக் கடந்தவராக இருந்தால் அந்தப் பதிவை மறுபடி செய்ய வாய்ப்பு வராமலே போகலாம்.

யார் சொன்னது என்ற குறிப்பும் அதே அளவு கனமானது. 1987-இல் பாலோட்டுத் தாவரவியல் பூங்கா ஆய்வு நிறுவனத்தைச் சேர்ந்தவர்கள் அகத்தியமலைப் பயணத்தில், உடன்வந்த காணி வழிகாட்டிகள் ஒரு செடியின் பழத்தைத் தின்று களைப்பின்றி நடப்பதைக் கவனித்தனர். அந்த ஆரோக்கியப்பச்சையிலிருந்து பின்னர் ‘ஜீவனி’ என்ற மருந்து உருவானது. உரிமத் தொகையில் பாதி காணி மக்களுக்குச் சேர வேண்டும் என்ற ஏற்பாடும், 1997-இல் பதிவான அறக்கட்டளையும், உலக அளவில் பயன்பகிர்வுக்கு முன்னோடியாகப் பேசப்பட்டன. குறைகள் சொல்லியும் பேசப்பட்டன. எந்த நாளில், எந்தக் குடியிருப்பில், யார், எந்த நிபந்தனையின் பேரில் சொன்னார் என்ற சிறு கோப்பு இத்தகைய இடங்களில் ஒலிப்பதிவைவிட மதிப்பு மிக்கது. அதுதான் முதலில் காணாமற்போவது.

இனிக் கருவிகள்.

பில் ஜாய் 1976-இல் எழுதத் தொடங்கிய வீ எடிட்டரிலும், அதன் வழித்தோன்றலாக பிராம் மூலெனார் 1991-இல் வெளியிட்ட விம்மிலும், கோப்பைத் திறக்க அதன் பெயரைத் தட்டச்சிடுவதே அடிப்படை வழி. பெயர் தெரிந்தவருக்கு இது போதும். மேக் கணினிக்கு 2004-இல் வந்த டெக்ஸ்ட்மேட், திட்டத்தின் கோப்புறைகளை ஓரத்தில் கிளைகிளையாகக் காட்டும் ஓர் இழுப்பறையைப் பரவலாக்கியது. விம் பயன்படுத்துவோர் அதைப் பார்த்து ஏங்கிய ஏக்கத்தை நெர்ட்ட்ரீ என்ற செருகுநிரல் தீர்த்தது. இன்று விஷுவல் ஸ்டூடியோ கோடைத் திறக்கும் எந்த மாணவரும் முதலில் காண்பது அந்தக் கிளைப்படத்தைத்தான்.

கிளைப்படத்தின் பலம், அறியாத வீட்டைச் சுற்றிக்காட்டுவது. பிறர் சேகரித்த தரவைப் பெறும் மாணவர் முதல் வாரம் அதைத் திறந்து வைத்துக்கொள்வதில் தவறில்லை. பலவீனம், அது ஓரத்திலேயே நிரந்தரமாகக் குடியிருக்க விரும்புவது. விம்மில் திரையை இரண்டாக, நான்காகப் பிரித்து வேலை செய்பவருக்கு, ஓரத்துக் கிளையில் ஒரு பெயரைச் சொடுக்கினால் கோப்பு எந்தப் பகுதியில் திறக்கும் என்பது ஒவ்வொரு முறையும் சிறு கேள்வி. டிரூ நீல் 2013-இல் எழுதிய புகழ்பெற்ற கட்டுரை ஒன்று இதை எண்ணெயும் வினாகிரியும் போல ஒட்டாத இரண்டு முறைகள் என்றது. எழுத்துப்பெயர்ப்பையும் சொற்பட்டியலையும் பக்கம்பக்கமாக வைத்து ஒப்பிடும் மொழியியலாளருக்கு இந்த உராய்வு நன்றாகத் தெரியும். எல்லாவற்றுக்கும் மேலாக, தமிழ்க் கோப்புப் பெயர்கள் நீளமானவை. ஓரப்பட்டையின் அகலத்துக்குள் அடங்காமல் பாதியில் வெட்டுண்டு நிற்கும்.

இரண்டாம் வகை, பெயரின் சில எழுத்துகளைத் தட்டச்சிட்டால் பொருந்துவனவற்றை வடித்துக் காட்டும் ஃபஸி தேடல். கமாண்ட்-டி, கன்ட்ரோல்-பி, டெலஸ்கோப் எனப் பல வந்தன. தென்கொரிய நிரலாளர் ஜுனகூன் சோய் 2013-இல் வெளியிட்ட எஃப்-இசட்-எஃப் அவற்றில் எடிட்டரையும் தாண்டி முனையத்தில் எங்கும் பயன்படுவது. தட்டச்சிட்ட எழுத்துகள் கோப்பின் பாதையில் அதே வரிசையில், இடைவெளிவிட்டேனும், வந்திருக்க வேண்டும் என்பதே விதி. அடுத்தடுத்து வந்தால் கூடுதல் மதிப்பெண். சொல்லின் தொடக்கத்திலோ சாய்கோட்டை அடுத்தோ வந்தால் மேலும் கூடுதல். மதிப்பெண் போடும் முறை, உயிரியலாளர்கள் புரத வரிசைகளை ஒப்பிட 1981-இல் ஸ்மித்தும் வாட்டர்மனும் வகுத்த நெறியின் திருத்திய வடிவம். மரபணுவை ஒப்பிடப் பிறந்த கணக்கு கோப்புப் பெயரைக் கண்டுபிடிக்க உதவுவது இனிய தற்செயல்.

மூன்றாம் வகையை இளையோர் பலர் அறிந்திருப்பதில்லை. ஈமாக்ஸின் டயர்டு, ஒரு கோப்புறையின் பட்டியலையே எழுத்துப் பக்கமாகத் திறக்கும். விம்முடன் வரும் நெட்ஆர்டபிள்யூவும் அதையொட்டியதே. டயர்டில் ஒரு கட்டளை கொடுத்தால் அந்தப் பட்டியல் திருத்தத்தக்க உரையாகிவிடும். நானூறு கோப்புகளின் பெயரில் உள்ள ஒரு பிழையை, கட்டுரையில் ஒரு சொல்லை மாற்றுவது போல, ஒரே மூச்சில் மாற்றிச் சேமிக்கலாம். நியோவிம்முக்கு வந்த ஆயில் என்ற செருகுநிரலும் இதையே செய்கிறது. அச்சமூட்டும் வசதிதான். நகல் எடுத்து வைக்காமல் அதைத் தொடக்கூடாது.

தேடுவதா, நடந்து போய் எடுப்பதா என்ற கேள்வி எடிட்டருக்கு வெளியிலும் ஆராயப்பட்டது. தம் சொந்தக் கோப்புகளை எடுக்கும்போது மக்கள் தேடலைவிடக் கோப்புறைகளின் வழியே செல்வதையே பெரிதும் விரும்புகின்றனர் என்றும், தேடுபொறி எவ்வளவு மேம்பட்டாலும் அந்த விருப்பம் எளிதில் மாறுவதில்லை என்றும் ஓஃபர் பெர்க்மன், ஸ்டீவ் விட்டேக்கர் குழுவினர் காட்டினர். 2015-இல் சயன்டிஃபிக் ரிப்போர்ட்ஸ் இதழில் வந்த மூளைப்படிம ஆய்வு இன்னும் சுவையானது. கோப்புறை வழியே செல்லும்போது, நிஜ உலகில் வழி கண்டு நடக்கையில் இயங்கும் பகுதிகளை ஒத்தவை இயங்கின. பெயரைத் தட்டச்சிட்டுத் தேடும்போது, மொழிச் செயலாக்கத்தில் வழக்கமாகக் காணப்படும் இடது முன்மூளைப் பகுதி இயங்கியது. நாளெல்லாம் சொற்களோடு மல்லாடுபவருக்கு இது பொருட்படுத்த வேண்டிய செய்தி. ஒரு வாக்கியத்தின் கிளைப்படத்தை மனத்தில் தாங்கிக்கொண்டே அடுத்த கோப்பின் பெயரையும் சொல்லாக நினைவுகூர்வது, ஒரே கையில் இரண்டு குடங்களைத் தூக்குவதற்கு ஒப்பாகலாம். இது அந்த ஆய்வு சொன்ன முடிவன்று. அதிலிருந்து எழும் ஊகம் மட்டுமே.

கோப்புறை என்ற கருத்தே கைநழுவிப்போன மாணவர்களைப் பற்றி தி வெர்ஜ் இதழ் 2021-இல் எழுதிய கட்டுரை பேராசிரியர்களிடையே பரவலாகப் பேசப்பட்டது. கைப்பேசியில் வளர்ந்தவர்களுக்கு எல்லாம் ஒரே குவியல். வேண்டியதைத் தேடி எடுத்துக்கொள்ளலாம். அவர்களைக் குறைசொல்வதற்கில்லை. ஆனால் தேடி எடுக்க, கோப்பின் பெயர் தேடுபவர் தட்டச்சிடும் எழுத்துகளால் ஆனதாக இருக்க வேண்டும். தமிழிலும் மலையாளத்திலும் சிக்கல் அங்கேதான் தொடங்குகிறது.

தமிழ் இலக்கணப்படி ‘கல்லாறு’ நான்கு எழுத்து. யூனிகோடில் அது ஏழு குறியீடுகள்: ககரம், லகரம், புள்ளி, மீண்டும் லகரம், கால், றகரம், உகரக் குறி. யுடிஎஃப்-8 முறையில் அந்த ஏழும் 21 பைட்டுகள். லினக்ஸில் கோப்புப் பெயருக்கு வழக்கமான வரம்பு 255 பைட்டுகள் என்பதால் தமிழ்ப் பெயர் 85 குறியீடுகளைத் தாண்டக்கூடாது. கதையின் முதல் வாக்கியத்தையே கோப்புப் பெயராக வைக்கும் பழக்கமுள்ளவர்கள் இந்தச் சுவரில் முட்டிக்கொள்வார்கள்.

ஃபஸி தேடல் எழுத்தை அறியாது, குறியீட்டை மட்டுமே அறியும். இதில் எதிர்பாராத நன்மை ஒன்று உண்டு. ‘தகபயம’ என்று உயிர்க்குறிகளையும் புள்ளிகளையும் விட்டுத் தட்டச்சிட்டால் ‘தொல்காப்பியம்’ வந்து நிற்கும். ‘பனமட’ என்றால் ‘பொன்முடி’. தமிழ்99 விசைப்பலகையில் அகரமேறிய மெய் ஒவ்வொன்றும் ஒரே தட்டு. ஆகவே இது ஆங்கிலப் பெயரைத் தேடுவதைவிட மெதுவானதன்று. ஓலைச்சுவடி வாசித்தவர்கள், எழுதியவர் இடாமல் விட்ட புள்ளிகளைத் தாமே இட்டு வாசித்தார்கள். இங்கே அந்த வேலையைக் கருவி பார்த்துக்கொள்கிறது. ஒலிபெயர்ப்பு முறையில் தட்டச்சிடுபவருக்கு இந்த நன்மை பாதிதான் கிடைக்கும். அங்கே மெய் புள்ளியோடு விழும். அகரத்தையும் சேர்த்துத் தட்டினால்தான் புள்ளி நீங்கும்.

தீமை அதைவிடப் பெரிது. ‘கொ’ என்ற எழுத்தை ஒரு கணினி ஒற்றைக் கொக்கி-கால் குறியாகச் சேமிக்கலாம். இன்னொன்று ஒற்றைக் கொம்பு, கால் என இரண்டாகச் சேமிக்கலாம். யூனிகோடு இரண்டும் ஒன்றே என்கிறது. திரையிலும் ஒன்றாகவே தெரியும். ஆனால் லினக்ஸின் வழக்கமான கோப்பு முறைமை பெயரைப் பைட்டு வரிசையாகவே வைத்திருப்பதால் அதற்கு இவை வேறுவேறு. ஆப்பிளின் பழைய கோப்பு முறைமை பெயர்களைப் பிரித்த வடிவில் சேமித்து வந்தது. அந்த மேக்கிலிருந்து ஆய்வுக்கூட லினக்ஸ் கணினிக்கு நகலெடுத்தால், பட்டியலில் கண்ணுக்கு ஒரே பெயராகத் தெரியும் இரண்டு கோப்புகள் தோன்றக்கூடும். ஒன்றைத் திருத்தி மற்றொன்றைக் காப்பகத்துக்கு அனுப்புவது எவ்வளவு எளிது என்பதை விளக்கத் தேவையில்லை. 2012-இல் கிட் மென்பொருளில் மேக் கணினிகளுக்கென ஓர் அமைப்பைச் சேர்த்தது இத்தகைய குழப்பத்துக்காகவே. எஃப்-இசட்-எஃப், இலத்தீன் எழுத்துகளின் மேற்குறிகளைத் தானாகவே புறக்கணித்து ஒப்பிடும். அந்தச் சலுகை தமிழுக்கு இல்லை.

மலையாளத்தில் இன்னும் ஒரு படி மோசம். அதுவும் சரியாகக் கல்லாற்றின் பெயரிலேயே. மலையாளத்தில் அந்த ஊர் ‘கல்லார்’. இறுதி ரகரம் சில்லெழுத்து. 2008-இல் வந்த யூனிகோடு 5.1 பதிப்பு சில்லெழுத்துகளுக்குத் தனிக் குறியீடுகள் தந்தது. அதற்கு முன்னர் அவை ரகரம், சந்திரக்கலை, கண்ணுக்குத் தெரியாத ஓர் இணைப்பான் என்னும் மூன்றின் கோவையாக எழுதப்பட்டன. அந்த மாற்றத்தை ஒட்டிக் கேரளத்தின் மொழிக்கணிமை வட்டாரத்தில் நடந்த விவாதம் நீண்டது, சூடானது. விளைவு இன்றும் தொடர்கிறது: பழைய வடிவையும் புதிய வடிவையும் யூனிகோடு சமமானவையாக அறிவிக்கவில்லை. ஆகவே தமிழில் ‘கொ’வுக்கு உதவும் இயல்பாக்கம் இங்கே உதவாது. 2007-இல் ஒருவர் பெயரிட்ட ‘கல்லார்’ கோப்புறையை இன்றைய விசைப்பலகையால் தேடுபவருக்கு அது கிடைக்காமற்போகலாம். நடந்து போனால் கண்ணெதிரே இருக்கும். கிளைப்படத்தையும் டயர்டையும் பழங்கால வழக்கம் என்று ஒதுக்குவோர் எண்ணிப்பார்க்க வேண்டிய இடம் இது.

அந்தப் பட்டியலும் எப்போதும் நேர்மையானதன்று. குறியீட்டு எண்ணின்படி அடுக்கினால் னகரம் பகரத்துக்கு முன்னால் வந்துவிடும். றகரம் லகரத்துக்கு முன்னால் நிற்கும். அகராதியில் அகரமேறிய எழுத்துக்கு முன் வரும் மெய், உயிர்மெய்களுக்கெல்லாம் பின்னால் போய்விடும். நெடுங்கணக்கை மனத்தில் கொண்டு பட்டியலில் கண்ணை ஓட்டுபவர், இல்லாத இடத்தில் தேடிவிட்டு, கோப்பே இல்லை என்று முடிவு செய்வார். முனையத்தில் எழுத்துகளை ஒரே அகலக் கட்டங்களில் அடைக்கும் ஏற்பாடு தமிழின் அகன்ற எழுத்துகளுக்குப் பொருந்தாமல் ஒன்றின்மேல் ஒன்று ஏறுவது தனிக் கதை. தமிழ்ப் பெயர்கள் மிகுந்தவர்கள் முனையத்தைவிட, ஈமாக்ஸின் தனிச் சாளரத்திலோ விஷுவல் ஸ்டூடியோ கோடிலோ வேலை செய்வதே கண்ணுக்கு நல்லது.

இவ்வளவு தொல்லை எதற்கு, பெயர்களை உரோமன் எழுத்தில் வைத்துக்கொள்ளலாமே என்பார்கள். பெரும்பாலோர் அப்படித்தான் செய்கிறார்கள். லகரத்துக்குச் சிற்றெழுத்து எல், ளகரத்துக்குப் பேரெழுத்து எல் என்பது மொழியியல் மாணவர்களிடையே பழகிய வழக்கம். விண்டோஸும் மேக்கும் வழக்கமான அமைப்பில் பேரெழுத்தையும் சிற்றெழுத்தையும் கோப்புப் பெயரில் வேறுபடுத்துவதில்லை. ‘பல்லி’ என்ற சொல்லுக்கான ஒலிக்குறிப்பு உள்ள கோப்புறையில் ‘பள்ளி’க்கானதை நகலெடுத்து ஒட்டினால், மாற்றி எழுதவா என்று கணினி கேட்கும், கவனிக்காமல் ஆம் என்றால் பல்லி போயிற்று. நிரல் வழியே எழுதினால் அந்தக் கேள்விகூட வராது. ல–ள வேறுபாட்டையே ஆய்பவருக்கு இதைவிடக் கொடிய கேலி உண்டா? சரி, கீழ்ப்புள்ளி இட்ட உரோமன் எழுத்துகளைப் பயன்படுத்தலாமென்றால், அவையும் ஒற்றை வடிவம், பிரித்த வடிவம் என்னும் பழைய சிக்கலுக்கே கொண்டுபோய் விடும்.

காப்பகங்கள் இதை எப்போதோ உணர்ந்துவிட்டன. 2003-இல் ஆஸ்திரேலியாவில் தொடங்கிய பாரடைசெக், கோப்புகளுக்குத் தொகுப்பின் குறியீடு, உருப்படியின் குறியீடு, அதன்பின் கோப்பின் குறியீடு என்ற வரிசையில் பெயரிடச் சொல்கிறது. கதையின் தலைப்பும் ஊரின் பெயரும் பேசியவரும் தனியே ஒரு விவரப் பட்டியலில் இருக்கும். எந்தக் கணினிக்குச் சென்றாலும் உருமாறாத பெயர். ஆனால் இதற்கு ஒரு விலை உண்டு. எல்லாப் பெயர்களும் எண்களாகிவிட்ட கோப்புறையில் பெயரைக் கொண்டு தேடும் கருவி செயலற்றுப்போகும். 0417 என்பது கல்லாற்றுப் பாட்டியின் பாம்புக் கதையா, விதுராச் சந்தை உரையாடலா என்று எஃப்-இசட்-எஃப் சொல்லாது, கிளைப்படமும் சொல்லாது.

ஆகவே கருவியைத் தேர்வதும் பெயரிடும் முறையைத் தேர்வதும் ஒரே முடிவின் இரண்டு பாதிகள். நிரலாளர்களின் பரிந்துரைகளில் இது அரிதாகவே சொல்லப்படுகிறது. அவர்களுடைய கோப்புப் பெயர்கள் ஆங்கிலச் சொற்களாகவும் பொருள் சொல்வனவாகவும் இருப்பதால் அவர்களுக்கு அந்தக் கேள்வி எழுவதில்லை. எண்பெயர் கொண்ட தொகுப்புக்கு வேண்டியது கோப்புகளின் உள்ளே தேடும் கருவி. ரிப்கிரெப்பைக் கொண்டு விவரப் பட்டியலில் ‘கல்லாறு’ என்று தேடி, கிடைத்த வரிகளை எஃப்-இசட்-எஃப்பில் வடித்து, தேர்ந்த எண்ணுக்குரிய கோப்புறையை டயர்டிலோ நெட்ஆர்டபிள்யூவிலோ திறந்தால், ஒலிப்பதிவும் எழுத்துப்பெயர்ப்பும் ஒப்புதல் படிவமும் அருகருகே கிடக்கும். தேடிப் போய் வாசலில் இறங்கி, உள்ளே நடப்பது. தினமும் தொடுகிற நான்கைந்து கோப்புகளுக்கு இவ்வளவும் தேவையில்லை. விம்மில் பேரெழுத்துக் குறிகள் 26 உண்டு; ஈமாக்ஸில் புத்தகக்குறி உண்டு. ஆய்வேட்டின் இயலுக்கு ஒன்று, சொற்பட்டியலுக்கு ஒன்று, விவரப் பட்டியலுக்கு ஒன்று.

செருகுநிரலே வேண்டாம் என்பவர் விம்மின் பாதை அமைப்பில் இரட்டை உடுக்குறியைச் சேர்த்துவிட்டு, ஃபைண்ட் கட்டளையோடு பெயரின் தொடக்கத்தைத் தட்டச்சிட்டுத் தத்தல் விசையை அழுத்தலாம். சில ஆயிரம் கோப்புகளுக்கு அது போதுமானது. புதுக் கணினியிலோ களத்தில் இரவல் வாங்கிய மடிக்கணினியிலோ எதையும் நிறுவ வேண்டியதில்லை என்பது சிறிய வசதியன்று. கல்லாற்றைப் போன்ற மலையடிவாரத்தில் இணைய இணைப்பை நம்பிச் செருகுநிரலை இறக்கப் புறப்படுபவருக்குப் பொறுமை மிகுதியாக வேண்டும்.

ஓர் எச்சரிக்கை மட்டும் இங்கே தவிர்க்க முடியாதது. கிட் களஞ்சியத்தில் வேலை செய்பவர்கள், பெரிய ஒலிக்கோப்புகளும் பேசியவர்களின் தனிவிவரங்களும் இணையத்துக்குப் போய்விடாதிருக்க அவற்றைப் புறக்கணிப்புப் பட்டியலில் எழுதி வைப்பார்கள். அது சரியான செயல். ஆனால் ரிப்கிரெப் வழக்கமாக அந்தப் பட்டியலுக்குக் கட்டுப்படும். அதை அடியொற்றி இயங்கும் எடிட்டர் தேடல்களும் அப்படியே. ஒப்புதல் படிவங்கள் உள்ள கோப்புறை வட்டில் பத்திரமாக இருக்கும். தேடலில் மட்டும் ஒருபோதும் வராது. தேடி, இல்லையென்று நம்பி, அந்தப் பேச்சாளரின் பதிவை ஆய்வேட்டிலிருந்தே நீக்கிவிட ஒருவர் முடிவு செய்யக்கூடும். புறக்கணிக்கப்பட்டவற்றையும் மறைந்திருப்பவற்றையும் சேர்த்துத் தேட ரிப்கிரெப்பில் தனித் தெரிவுகள் உண்டு. அவற்றை ஒரு விசையில் கட்டி வைப்பது, நிறத்தொகுப்பை மாற்றுவதற்கு முன்னால் செய்ய வேண்டிய வேலை.

இந்தக் கருவிகளில் பெரும்பாலானவை கட்டற்ற மென்பொருள் என்பதால் இவை எதற்கும் பணம் கேட்பதில்லை. ஈமாக்ஸை உருவாக்கிய ரிச்சர்ட் ஸ்டால்மன் பங்கேற்க, இந்தியக் கட்டற்ற மென்பொருள் அறக்கட்டளை 2001 ஜூலை 20-இல் தொடங்கப்பட்டதும் திருவனந்தபுரத்தில்தான். கேரளப் பள்ளிகளில் லினக்ஸில் கணினி பயின்று வந்த மாணவருக்கு முனையம் அந்நியமன்று. தமிழ்நாட்டிலிருந்து செல்லும் ஆய்வு மாணவருக்கு அது முதல் ஆறு மாதம் அந்நியமாகவே இருக்கும். அந்த ஆறு மாதத்தில் அவர் கற்றுக்கொள்ளத்தக்கது ஒரு தேடல் கட்டளை, ஒரு பட்டியல் கட்டளை, விவரப் பட்டியலைப் பதிவு செய்த அன்றிரவே நிரப்பும் பழக்கம் ஆகிய மூன்றே. பட்டியலின் முதல் நெடுவரிசையில் எண்; இரண்டாவதில் பேசியவரின் குறியீடு; மூன்றாவதில் ஊர். ஊரின் பெயர் தமிழில், மலையாளத்தில், உரோமனில் என மூன்று வடிவிலும். பக்கத்தில் வட்டமும் மாவட்டமும்.